ஊதாரித் தீவும் உரச் சாக்கும்

நவூரு என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருந்தால், பெரும்பாலும் ஒரு கதையாகத்தான் கேட்டிருப்பீர்கள். பசிபிக் கடலில், நிலநடுக்கோட்டை ஒட்டி, 21 சதுர கிலோமீட்டரில் ஒரு தீவு. மண்ணில் பாஸ்பேட். அதைத் தோண்டி விற்று எழுபதுகளில் தலைக்கு வருமானத்தில் உலகின் முன்வரிசைக்கு வந்துவிட்டது. வருமான வரி கிடையாது. சொந்தமாக விமான நிறுவனம், மெல்பர்னில் 52 மாடிக் கட்டடம், லண்டனில் லியோனார்டோ டா வின்சியைப் பற்றிய ஓர் இசை நாடகத்துக்கு முதலீடு. அந்த நாடகம் 1993இல் மேடையேறிச் சில வாரங்களில் படுத்துவிட்டது. போலீஸ் தலைவர் ஆசைப்பட்டு வாங்கிய லம்போர்கினிக்குள் அவருடைய உடம்பு நுழையவில்லை என்று ஒரு துணுக்கும் கூடவே வரும். அப்புறம் பாஸ்பேட் தீர்ந்தது. விமானத்தைக் கடன்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கட்டடம் கைமாறியது. மிச்சம் இருப்பது பாறை முட்களும் சர்க்கரை நோயும். கதை முடிஞ்சது, கத்தரிக்கா காய்ச்சது.

யூடியூபில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி ஒரு நீதியையும் சொல்வார்கள். உழைக்காமல் வந்த பணம் தங்காது. எனக்குத் தகராறு கதையோடு இல்லை, அதில் வரும் செய்திகள் பெரும்பாலும் நடந்தவை. தகராறு அந்த நீதியோடு. ஏனென்றால் அதையே வேறொரு கூட்டத்தைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறேன்.

நான் இருப்பது தஞ்சோங் மாலிமில். பேராவின் தென்கோடி, பெர்னாம் ஆற்றைத் தாண்டினால் சிலாங்கூர். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரில் பாவ் தெரியும், உப்சி பல்கலைக்கழகம் தெரியும், புரோட்டோன் தொழிற்சாலை தெரியும். அதற்கு முன்னால் இங்கே சுற்றிலும் என்ன இருந்தது என்று கேட்டால் வயதானவர்கள் கையை வீசி ஒரு வட்டம் போட்டுக் காட்டுவார்கள். எல்லாம் தோட்டம். பேராங் பக்கம், சிலிம் ரிவர் பக்கம், காலும்பாங் பக்கம், எங்கே திரும்பினாலும் ரப்பர், அப்புறம் செம்பனை. அந்தத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டோ விற்கப்பட்டோ போனபோது லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று.

அந்தக் குடும்பங்களைப் பற்றி ஊரில் சொல்லப்படும் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். "தோட்டத்து ஆளுங்களுக்குப் பணம் கையில நிக்காதுப்பா. இழப்பீட்டுக் காசு வந்துச்சு, டிவி வாங்குனான், மோட்டார் வாங்குனான், மிச்சத்தைக் குடிச்சான்." கல்யாண வீட்டில் சொல்வார்கள். தன்முனைப்புப் பட்டறையில் மேடை ஏறுபவர்கள் கைதட்டலுக்காகச் சொல்வார்கள். அதிகம் சொல்வது தோட்டத்திலிருந்து ஒரு தலைமுறை முன்னால் கிளம்பிவிட்டவர்கள்தான் என்பதைக் கவனித்திருக்கிறேன். சீனரும் மலாய்க்காரரும் நம்மைப் பற்றிப் பேசுவதைவிட நாமே நம்மைப் பற்றிப் பேசும்போது இந்த வசனத்துக்கு ருசி அதிகம்.

நவூருக்காரனும் ஊதாரி, தோட்டத்துக்காரனும் ஊதாரி. இந்த ஒரு சொல்லை எடுத்து வைத்துப் பார்க்கலாம். ஒருவரை ஊதாரி என்று சொல்ல என்னென்ன தேவை? செலவழிந்த பொருள் அவருடையதாக இருக்க வேண்டும். அதை எப்படிச் செலவழிப்பது என்று முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். சிக்கனமாக இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்பதும் உண்மையாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தச் சொல் வெறும் வசைதான்.

நவூருவில் இந்த மூன்றும் எப்போது இருந்தன? பாஸ்பேட்டைக் கண்டுபிடித்த கதை பிரபலமானது. சிட்னியில் ஓர் அலுவலகத்தில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை வைத்திருந்தார்கள். நவூருவிலிருந்து யாரோ கொண்டுவந்த கல். ஆல்பர்ட் எல்லிஸ் என்ற ஊழியர் அதைப் பரிசோதித்துப் பார்க்க, உயர்தரமான பாஸ்பேட். 1906இல் தோண்ட ஆரம்பித்தார்கள். அப்போது தீவு ஜெர்மனியின் கையில். முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியா பிடித்தது. 1919இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் ஓர் ஒப்பந்தம் போட்டு, பிரிட்டிஷ் பாஸ்பேட் கமிஷனர்கள் என்ற அமைப்பின் கையில் சுரங்கத்தைக் கொடுத்தன. தோண்டிய பாஸ்பேட் உலகச் சந்தை விலையைவிடக் குறைவான விலைக்கு ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பண்ணைகளுக்குப் போனது. நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்கு ஆரம்பத்தில் கொடுத்தது டன்னுக்கு அரைப் பென்னி.

இதன் நடுவில் போர். 1942இல் ஜப்பான் தீவைப் பிடித்தது. தொழுநோயாளிகள் 39 பேரை ஒரு படகில் ஏற்றிக் கடலில் கொண்டுபோய்க் கொன்றார்கள். 1943இல் நவூரு மக்கள் 1,200 பேரைத் துருக் தீவுக்கு வேலைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். சயாம் மரண ரயில் பற்றி நம் தாத்தாக்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு இந்த வாக்கியத்தை விளக்க வேண்டியதில்லை. 1946 ஜனவரி 31 அன்று திரும்பி வந்தவர்கள் 737 பேர். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துச் சுதந்திரத்துக்கு நாள் குறித்தபோது அதே ஜனவரி 31ஐத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

இன்னொரு நாளும் அவர்களுக்கு முக்கியம். அக்டோபர் 26, அங்கம் தினம். நோயால் ஜனத்தொகை சுருங்கிப்போன காலத்தில், 1,500 பேருக்குக் கீழே போனால் ஓர் இனமாக நீடிக்க முடியாது என்ற கணக்கு அவர்கள் முன்னால் வைக்கப்பட்டது. 1932இல் ஒரு பெண்குழந்தை பிறந்து எண்ணிக்கை 1,500ஐத் தொட்டது. அதைக் கொண்டாடினார்கள். போர் அந்தக் கணக்கை மறுபடி கீழே இழுத்துவிட, 1949இல் திரும்பவும் 1,500. பிள்ளைகளை ஒவ்வொன்றாக எண்ணி, இன்னும் இத்தனை பேர் பிறந்தால் நாம் இருப்போம் என்று காத்திருந்த ஜனத்தை, நாளையைப் பற்றிக் கவலையில்லாத கூட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1968க்கு முன்பு, ஆக, அவர்களை ஊதாரி என்று சொல்ல இடமே இல்லை. பொருள் அவர்களுடையது, அதிகாரம் அடுத்தவருடையது. 1968க்குப் பின்? இங்கேதான் நவூருவுக்காக வாதாடுபவர்கள் அவசரமாக நடந்து போய்விடுகிறார்கள். சுதந்திரத்துக்கு முன் தோண்டியது சுமார் மூன்றில் ஒரு பங்கு. மிச்சத்தில் பெரும்பகுதி அவர்களுடைய சொந்தக் கொடியின் கீழ்தான் கப்பலேறியது. இரண்டு கோடியே பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுத்துச் சுரங்கச் சொத்துகளை வாங்கினார்கள், 1970இல் பொறுப்பு முழுக்க அவர்கள் கைக்கு வந்தது. அதிபர்கள் தனி விமானம்போல ஏர் நவூருவில் பறந்தார்கள். லண்டன் நாடகம் வெள்ளைக்காரன் திணித்தது இல்லை.

ஆனால் மூன்றாவது நிபந்தனை இருக்கிறதே. சிக்கனமாக இருந்தால் பிழைத்திருப்பார்களா? அவர்கள் சேமிக்கவே இல்லை என்று கதை சொல்கிறது. சேமித்தார்கள். பாஸ்பேட் உரிமத்தொகை நிதி என்று ஒன்றை வைத்தார்கள், அதன் மதிப்பு ஒரு கட்டத்தில் நூறு கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. மெல்பர்ன் கட்டடம் ஆடம்பரத்துக்குக் கட்டியது இல்லை, வாடகை வருமானத்துக்குக் கட்டியது. கல் தீர்ந்த பிறகு பிள்ளைகள் எதைத் தின்பார்கள் என்று யோசித்துப் போட்ட முதலீடு. ஜான் ஹார்ட்விக் என்ற கனடியப் பொருளியல் அறிஞர் 1977இல் ஒரு விதியை எழுதினார். தீர்ந்துபோகும் வளத்தை விற்கும் நாடு அதன் லாபத்தைத் தீராத மூலதனமாக மாற்றிக்கொண்டே வந்தால் அடுத்த தலைமுறை ஏழையாகாது. நவூரு செய்ய முயன்றது அதைத்தான், அதே ஆண்டு திறந்த அந்தக் கட்டடத்தோடு. மோசமான ஆலோசகர்கள், மோசமான நிர்வாகம், கடனுக்கு மேல் கடன் எல்லாம் சேர்ந்து அதைக் கவிழ்த்தன. பத்தாயிரம் பேர் உள்ள நாட்டில் எத்தனை கணக்காய்வாளர்கள் இருப்பார்கள், எத்தனை வழக்கறிஞர்கள் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நம் தாமான் குடியிருப்பாளர் சங்கத்திடம் ஒரு விமான நிறுவனத்தையும் நூறு கோடி டாலரையும் கொடுத்த மாதிரி.

எனக்கு அந்த விதியே உறுத்துகிறது. கல்லை விற்றுக் கட்டடம் வாங்கினால் கணக்கு நேராகிவிடும் என்பதில் ஓர் அனுமானம் இருக்கிறது. நிலம் என்பது பணத்தின் இன்னொரு வடிவம், ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கலாம் என்பது. அறுபதுகளின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியா இதைச் சோதித்தே பார்த்தது. உங்கள் தீவு எப்படியும் வீணாகப் போகிறது, குயின்ஸ்லாந்துக் கரையோரம் கர்ட்டிஸ் தீவு இருக்கிறது, நவூருவைவிடப் பல மடங்கு பெரியது, எல்லோரும் அங்கே வந்துவிடுங்கள் என்றார்கள். வீடு கட்டித் தருகிறோம், குடியுரிமை தருகிறோம். ஹாமர் டிரோபர்ட் தலைமையில் நவூரு மக்கள் கேட்டது ஒன்றுதான். அங்கே எங்களை நாங்களே ஆள முடியுமா? முடியாது என்றதும் 1964இல் மறுத்துவிட்டார்கள். நல்ல மண்ணில் அடுத்தவன் குடிமக்களாக இருப்பதைவிடக் கெட்டுப்போன மண்ணில் தங்களுக்குத் தாங்களே இருப்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஹார்ட்விக்கின் கணக்கில் இந்த முடிவுக்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை.

1989இல் அனைத்துலக நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியா மீது வழக்குப் போட்டார்கள். சுதந்திரத்துக்கு முன் தோண்டிய நிலத்தைச் சீர்செய்யும் பொறுப்பு யாருடையது என்பது வழக்கு. பணம் கொடுத்தாயிற்று, கணக்கு முடிந்தது என்பது மறுதரப்பின் வாதங்களில் ஒன்று. 1992இல் நீதிமன்றம் வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்றது. அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியா நீதிமன்றத்துக்கு வெளியே 10 கோடியே 70 லட்சம் டாலருக்கு ஒப்புக்கொண்டது, அதில் பாதியை இருபது ஆண்டுத் தவணையாக. உள்தீவின் மேட்டில், டாப்சைடு என்று அவர்கள் சொல்லும் இடத்தில், பதினைந்து மீட்டர் வரை நிற்கும் சுண்ணாம்புப் பாறை முட்களுக்கு நடுவே இன்றைக்கும் பெரிதாக ஒன்றும் நட முடியாது.

நம் பக்கக் கணக்கைப் பார்க்கலாம். மலேசியாவின் 1980 பணிநிறுத்த விதிமுறைப்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். முப்பது வருஷம் பால் மரம் வெட்டியவருக்கு 600 நாள் சம்பளம். மாதத்துக்கு 26 வேலைநாள் என்று வகுத்தால் 23 மாதம். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது, அதனால் வேலையோடு அதுவும் போகும். இரண்டு வருஷம்கூட ஓடாத பணத்தில் வீடு, பிள்ளைகள் படிப்பு, வயசான காலம் மூன்றையும் முடித்திருக்க வேண்டும், முடிக்காதவர் ஊதாரி. அந்தப் பணத்தை ஒரு காசு விடாமல் வங்கியில் போட்டிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? மூன்றாவது நிபந்தனை இங்கே முதலிலேயே அடிபட்டுப் போகிறது. டிவி வாங்கினவர் முட்டாள் இல்லை என்று நினைக்கிறேன். எதற்கும் பத்தாத பணத்தில் ஒன்றையாவது முழுதாக வாங்கினார்.

குடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது, அரசாங்க உரிமத்தோடு. 1946, 47இல் கெடாவில் ஆர்வார்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை என்ற பெயரில் தோட்டத்து இளைஞர்கள் அந்தக் கடைகளை மூடச் சொல்லி மறியல் செய்தார்கள். ஊதாரிகள் என்று பேரெடுத்த அதே ஜனம்தான். அவர்களுக்கு வந்த பதில் போலீஸ். தோட்டத்துத் தமிழன் குடியால் அழிந்தான் என்று மேடையில் சொல்பவர் யாரும், அவன் குடியை நிறுத்தப் போராடி அடி வாங்கினான் என்ற பாதியைச் சொல்லி நான் கேட்டதில்லை. அதேபோல, 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், துண்டாடி விற்கப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களை வாங்கத் தொழிலாளர்கள் மாதாமாதம் பத்து வெள்ளி கட்டினார்கள். அன்றைய கூலியில் பத்து வெள்ளி என்ன என்று பாட்டிமார்களிடம் கேட்டுப் பாருங்கள். இந்தச் சேமிப்பு பற்றி ஏன் ஒரு பழமொழியும் உருவாகவில்லை?

இவ்வளவு தூரம் நவூருவையும் தோட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாயிற்று. ஆனால் ஓரிடத்தில் இந்த ஒப்புமை உடைகிறது, அது முக்கியமான இடம். நவூருவில் கல்லை உடைத்தவர்கள் பெரும்பாலும் நவூருக்காரர்கள் இல்லை. சீனர்கள், கில்பர்ட் தீவுக்காரர்கள், எல்லிஸ் தீவுக்காரர்கள், அதாவது இன்றைய கிரிபாட்டி, துவாலு ஆட்கள். ஒப்பந்தத்தில் வந்தார்கள், கம்பெனி கட்டிய குடியிருப்பில் இருந்தார்கள், அங்கேயே பிள்ளை பெற்றார்கள். சுரங்கம் படுத்தபோது சம்பளப் பாக்கியோடு மாட்டிக்கொண்டு, 2006இல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இசை நாடகம் பார்க்க அவர்களை யாரும் லண்டனுக்கு அழைத்துப் போகவில்லை, அனைத்துலக நீதிமன்றத்தில் அவர்கள் ஒரு தரப்பும் இல்லை. நாம் நவூருக்காரர்கள் இல்லை. நாம் அந்தக் கில்பர்ட் தீவுக்காரர்கள்.

நிலம் யாருடையது என்ற கேள்விக்கு ஐரோப்பியத் தத்துவத்தில் எல்லோரும் முதலில் போய் நிற்கும் ஆள் ஜான் லாக். பதினேழாம் நூற்றாண்டில் அவர் சொன்னது எளிமையானது. பொதுவாகக் கிடக்கும் நிலத்தோடு ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால் அது அவனுடையதாகிறது. இதைப் படித்த முதல் நாள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படியென்றால் கிந்தாவிலிருந்து பெர்னாம் வரைக்கும் பாதிப் பேரா எங்கள் பாட்டிமார்களுடையது! ஆனால் அதே பக்கத்திலேயே லாக் ஒரு உதாரணம் கொடுக்கிறார். அவருடைய வேலையாள் வெட்டி எடுத்த புல்கட்டியும் அவருக்கே சொந்தமாகிறதாம். வேலையாளின் கை, எஜமானனின் உழைப்பு. முந்நூறு வருஷமாக எத்தனையோ பேர் அந்த வேலையாள் யார் என்று கேட்டிருக்கிறார்கள். நான் தனியாகக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. இருந்தாலும் அந்தப் புல்கட்டி கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

இப்போது உரச் சாக்குக்கு வருகிறேன். அம்மா செம்பனைத் தோட்டத்தில் பல வருஷம் உரம் போடும் வேலை செய்தவர். முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு, சாக்கைப் பிரித்து வாளியில் கொட்டி, ஒரு கிண்ணத்தால் மரத்தைச் சுற்றி வட்டமாக வீசும் வேலை. பெரும்பாலும் பெண்கள்தான். உரங்களில் ஒன்று மண் நிறத்தில் மாவாக இருக்கும் என்பார். "காத்து எதிரா அடிச்சா வாய்க்குள்ள போயிரும். மண்ணத் தின்ன மாதிரியே இருக்கும். அது மண்ணுதான்னு நெனச்சேன்." அவர் சொன்னது ஏறக்குறைய சரி. மலேசியத் தோட்டங்களில் ரப்பருக்கும் செம்பனைக்கும் பல காலமாகப் பயன்படுத்திவரும் பாஸ்பேட் உரத்தில் முக்கியமானது கிறிஸ்மஸ் தீவிலிருந்து வருவது. சி.ஐ.ஆர்.பி. என்பது அதன் சுருக்கப் பெயர். கல்லைத் தோண்டி, அரைத்து, சாக்கில் கட்டியது. அம்மா நிஜமாகவே ஒரு தீவின் மண்ணைத்தான் இன்னொரு மண்ணில் வீசிக்கொண்டிருந்திருக்கிறார்.

கிறிஸ்மஸ் தீவு ஜாவாவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. 1890களில் தோண்ட ஆரம்பித்தார்கள், சீனக் கூலிகளையும் மலாய்க்காரர்களையும் கொண்டுபோய். 1958 வரை சிங்கப்பூரோடு சேர்ந்து நிர்வகிக்கப்பட்ட தீவு, ஒருவகையில் நம்ம வீட்டுக் கொல்லைப்புறம். 1949க்குப் பிறகு அந்தச் சுரங்கத்தை நடத்தியவர்கள் வேறு யாருமில்லை, நவூருவைத் தோண்டிய அதே பிரிட்டிஷ் பாஸ்பேட் கமிஷனர்கள். 1987இல் மூடிய சுரங்கத்தை 1990இல் தொழிற்சங்க ஆதரவோடு தொழிலாளர்களே பங்கு போட்டுத் திரும்பத் திறந்தார்கள். இன்னும் ஓடுகிறது.

ஆக, ஒரே கம்பெனி இரண்டு தீவுகளை அரைத்தது. நவூரு ஆஸ்திரேலியாவின் கோதுமையிலும் ஆட்டுக்குட்டியிலும் கலந்து கிடக்கிறது. கிறிஸ்மஸ் தீவு நம் ரப்பரிலும் நாம் சமைக்கும் எண்ணெயிலும் கலந்து கிடக்கிறது. கேள்வி என்னவென்றால், அம்மாவுக்கு அந்தத் தீவிடம் ஏதாவது கடன் உண்டா? சாக்குக்கு இத்தனை காசு என்று கூலி வாங்கி வீசியவருக்கு? இல்லை என்று சட்டென்று சொல்லிவிடத் தோன்றுகிறது. அப்படிச் சொன்னால் ஆஸ்திரேலியப் பண்ணைக்காரனுக்கும் இல்லை, அவன் கடையில் விலை கொடுத்து வாங்கினான். கமிஷனர்களுக்கும் இல்லை, அவர்கள் ஒப்பந்தப்படி நடந்தார்கள். கடைசியில் பதினைந்து மீட்டர் பாறை முள் மட்டும் நிற்கிறது, தோண்டியவர் யாருமே இல்லை. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் குற்றவாளிகள் என்று சொல்வதும் அதேபோல ஒன்றும் சொல்லாத பேச்சுதான். எனக்குத் தோன்றும் வித்தியாசம் இது: குற்றம் வேறு, கணக்கில் இருப்பது வேறு. அம்மா மேல் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அவர் கணக்கில் இருக்கிறார், கொடுக்க வேண்டியவராக இல்லாவிட்டாலும் தெரிந்துகொள்ள வேண்டியவராக. சாக்கில் இருப்பது எங்கிருந்து வருகிறது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. இப்போது சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "அங்க இருந்த ஜனங்கள்லாம் எங்க போனாங்க?" கிறிஸ்மஸ் தீவில் பூர்வகுடிகள் இருந்ததில்லை என்றேன். கொஞ்சம் நிம்மதியானார். நவூருவைப் பற்றி அன்றைக்குச் சொல்லவில்லை.

பேராவும் ஒரு காலத்தில் ஒற்றைக் கனிமத்தை நம்பிய நாடு என்பதை மறந்துவிட்டு நவூருவைப் பேசுவது அநியாயம். கிந்தா பள்ளத்தாக்கு உலகிலேயே வளமான ஈயவயல்களில் ஒன்று. ஈப்போ, பத்து காஜா, கம்பார் எல்லாம் ஈயத்தில் எழுந்த ஊர்கள். 1938இல் கட்டிய ஈயக்கப்பல் ஒன்று, 4,500 டன் எடை, தஞ்சோங் துவாலாங் அருகே இன்றும் சுற்றுலாப் பயணிகளுக்காக மிதக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசிய அரசாங்கமே மாமின்கோ என்ற நிறுவனத்தின் வழியாக லண்டன் சந்தையில் ரகசியமாக ஈயத்தை வாங்கிக் குவித்து விலையை ஏற்றப் பார்த்தது. சூதாட்டம் தோற்றது, பல கோடி வெள்ளி போயிற்று. 1986இல் பிரதமர் மகாதீர் அதை ஒப்புக்கொண்டார். 1985 அக்டோபர் 24 அன்று அனைத்துலக ஈய மன்றம் கையிருப்பு தீர்ந்து கையை விரித்ததும் விலை பாதியாகச் சரிந்தது, சுரங்கங்கள் வரிசையாக மூடின. லம்போர்கினிக்குள் நுழையாத போலீஸ்காரர் உலகத்துக்கே தெரியும், மாமின்கோவைப் பற்றி நம் பள்ளிக்கூடத்தில் யார் சொல்லித் தந்தார்கள்? பெரிய அரசாங்கம் தோற்றால் அது கொள்கை. சின்னத் தீவு தோற்றால் அது குணம்.

ஈயத்தின் கழிவுக்கும் ஒரு கதை உண்டு. அமாங் என்று சொல்லப்படும் அந்தக் கழிவு மணலிலிருந்து அரியமண் தனிமங்கள் எடுக்க 1982இல் ஈப்போ பக்கம் புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் தொழிற்சாலை வந்தது. மிட்சுபிஷி அதில் பெரிய பங்குதாரர். மிஞ்சியது கதிரியக்கம் உள்ள தோரியம். பாப்பானில் கொட்டப் பார்த்தபோது மக்கள் எதிர்த்தார்கள், புக்கிட் மேரா மக்கள் 1985இல் வழக்குப் போட்டார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள், அடுத்த ஆண்டு உச்சநீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆனாலும் 1994இல் தொழிற்சாலை மூடப்பட்டது. இழப்பீடு கேட்டுப் போனவர்கள் இல்லை அவர்கள். நிறுத்து என்று சொல்லிப் போனவர்கள். நவூரு போட்ட வழக்கைவிட இந்த வழக்கு எனக்குப் பெரியதாகத் தெரிகிறது, தோற்றது உட்பட.

நவூருவுக்காக இவ்வளவு பேசியதால் மீதியையும் பேச வேண்டும், அது நம்மைத் தொடுகிறது. கல் தீர்ந்த பிறகு அந்தத் தீவிடம் விற்பதற்கு ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது, தான் ஒரு நாடு என்பது. அதைத் தோண்ட ஆரம்பித்தார்கள். தொண்ணூறுகளில் காகித வங்கிகளுக்கு உரிமம். தைவானா சீனாவா என்று அங்கீகாரத்தை மாற்றி மாற்றிக் கொடுப்பது. 2001 முதல் ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வரும் அகதிகளை அடைத்து வைக்க இடம். 2007இல் கடலில் பிடிக்கப்பட்ட இலங்கையர் 80க்கும் மேற்பட்டோர் அங்கே அனுப்பப்பட்டார்கள், பெரும்பாலும் தமிழர்கள். 2012 செப்டம்பரில் முகாமை மறுபடி திறந்தபோது முதலில் இறக்கப்பட்டவர்களும் இலங்கைத் தமிழர்கள். முகாம் இருந்த இடம் டாப்சைடு, தோண்டித் தீர்த்த அதே மேடு. ஒவ்வோர் அகதிக்கும் மாதம் ஆயிரம் டாலர் விசாக் கட்டணம் என்று ஆஸ்திரேலியாவிடம் நவூரு வசூலித்தது. 2014இல் பத்திரிகையாளர்களின் விசாக் கட்டணத்தை 8,000 டாலராக்கியது, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் பணம் திரும்பாது.

துருக்கிலிருந்து 737 பேராகத் திரும்பிய ஜனத்தின் பேரப்பிள்ளைகள் இதைச் செய்தார்கள். வஞ்சிக்கப்பட்டவன் வஞ்சிக்கலாம் என்று நான் ஏற்றுக்கொள்ளப் போவதில்லை. வேறு வழியில்லை என்ற வாதத்தையும் முழுதாக விழுங்க முடியவில்லை. கர்ட்டிஸ் தீவை மறுத்தபோது அவர்களுக்கு முன்னால் சுலபமான வழி இருந்தது, அவர்கள் கடினமானதை எடுத்தார்கள், ஒரு காலத்தில் அந்தத் திராணி அவர்களுக்கு இருந்தது. ஆனால் இந்தக் குற்றத்துக்கு ஊதாரித்தனம் என்று பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள். இது மிகச் சிக்கனமான காரியம். இருக்கும் கடைசிச் சொத்தை, ஒரு துளி வீணாக்காமல், அதிக விலை கொடுப்பவனுக்கு வாடகைக்கு விடுவது. உழைக்காத பணம் தங்காது என்று நீதி சொல்பவர்களின் அளவுகோலில் நவூரு திருந்திவிட்டது என்றுகூடச் சொல்லலாம். நாடகத்துக்குப் பணம் போட்ட நவூருவால் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை. கணக்கு பார்க்கக் கற்றுக்கொண்ட நவூருதான் மனிதர்களை அடைத்து வைத்தது.

2021 ஜூனில் நவூரு இன்னொரு கதவைத் தட்டியது. ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் நடுவே கடலடியில் உருளைக்கிழங்கு அளவில் கிடக்கும் உலோகக் கட்டிகளை அள்ள, ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஆதரவு நாடாக நின்று, இரண்டு வருஷத்துக்குள் விதிகளை முடியுங்கள் என்று அனைத்துலகக் கடலடி ஆணையத்துக்கு நோட்டீஸ் கொடுத்தது. மின்சாரக் கார் பேட்டரிக்கு நிக்கலும் கோபால்ட்டும் வேண்டும் என்பது கம்பெனியின் நியாயம். பருவநிலை மாற்றத்தில் எங்கள் பங்கு மிகச் சிறியது, எங்களுக்குத்தான் முதல் அடி என்பது நவூருவின் நியாயம். மற்ற பசிபிக் தீவுகள் சில வேண்டாம் என்று கத்துகின்றன. எங்கள் ஊரில் புரோட்டோனும் மின்சாரக் கார் கூட்டத் தொடங்கிவிட்டது. உப்சிப் பையன்களுக்கு அறை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் முன்னாள் தோட்டத்துக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அங்கே வேலை கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. கிடைத்தால் நல்லதுதான். பக்கத்து வீட்டுப் பையன் போன வாரம் விண்ணப்பம் நிரப்பக் கூப்பிட்டான். போய் நிரப்பிக் கொடுத்தேன். பேட்டரிக்குள் என்ன போடுவார்கள் என்று சும்மா கேட்டேன். "தெரியலண்ணே, பெட்டியாத்தான் வரும்னு நெனக்கிறேன்" என்றான்.